குளிப்பது கணக்கில் வரும், சமைப்பது வராது

அம்ப்ரோஸ் கில்பிரைடுக்கு எழுபத்து மூன்று வயது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்குக் குறை.

அவருடைய மனைவி சொலாஞ்ச் எட்டு மாதமாக ரிடோ ஆற்றங்கரையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் சொன்னபடி கேட்பதில்லை. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. அவரை அங்கே சேர்த்த படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். ஒட்டாவாவில் யாருக்கு இல்லத்தில் படுக்கை, யாருக்கு வீட்டுக்கே ஆள் அனுப்புவது, யாருக்கு இரண்டும் கிடையாது என்று படிவத்தைக் கேட்டுச் சொல்வது என் உத்தியோகம். பதினேழு வருடமாகச் செய்கிறேன்.

ஏப்ரலில் அம்ப்ரோஸ் தனக்கும் அதே இல்லத்தில் ஒரு படுக்கை வேண்டும் என்று விண்ணப்பித்தார். காரணம் என்ற கட்டத்தில் "மனைவி அங்கே இருக்கிறார்" என்று எழுதியிருந்தார். கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடம். எங்கள் படிவத்தில் அதற்கு மதிப்பெண் இல்லை. ஆனாலும் யார் விண்ணப்பித்தாலும் வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்டாக வேண்டும். போனேன்.

"குளிக்க யாராவது உதவி பண்ணணுமா, சார்?"

"வேண்டாம்."

"கடைசி மூணு நாள்ல?"

"மூணு நாளும் நானேதான். ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை. தோட்டத்துல இலை வாரினேன்."

"சட்டை போட்டுக்க, பட்டன் மாட்ட?"

அவர் தன் கழுத்து டையைத் தூக்கிக் காட்டினார். "இதைப் போட என் ஆபீஸ்லயே பாதிப் பேருக்குத் தெரியாது."

"சாப்பிட, எழுந்து நடக்க, கழிவறைக்குப் போக?"

"எல்லாம் சுயமா. பதில் எல்லாம் பூஜ்யம்னு போடுங்க. அப்புறம், நீங்க பேனாவுல எழுதறீங்க. இந்த மாதிரிப் படிவத்துக்குப் பென்சில் நல்லது."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "சார், உங்களுக்கு அந்த இடம் வேணுமா வேண்டாமா?"

"ரொம்ப வேணும்."

"அப்ப ஏதாவது ஒண்ணு முடியலைன்னு சொல்லுங்களேன்."

"நீங்க முடியாததா எதையும் கேக்கலையே, ரோவினா."

படிவத்துக்கு இரண்டாவது பாதி ஒன்று உண்டு. சமையல், துணி துவைப்பது, கடைக்குப் போவது, வீட்டைப் பெருக்குவது. பக்கத்தைத் திருப்பினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அதெல்லாம் கேக்க வேண்டாம். கணக்குல வராது."

"யார் சொன்னா?"

"நான்தான்."

அவர் பெருமைக்குச் சொல்லவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பல நாடுகள் ஆண்டுக்கு ஒரு முறை ஒரே அட்டவணையை நிரப்பி, மருத்துவத்துக்கு யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுக்கொள்கின்றன. அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரிசை அம்ப்ரோசுடையது: இல்லங்களில் படுத்திருப்பவர்களின் நீண்டகாலப் பராமரிப்பு. ஓய்வு பெற்ற பிறகும் வசந்தகாலம் வந்தால் அந்த ஒரு வரிசைக்காக அவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். வேறு யாருக்கும் அது புரியவில்லை, புரிந்துகொள்ள யாரும் ஆசைப்படவுமில்லை.

"நார்வேக்காரன் இவ்வளவு, நெதர்லாந்துக்காரன் இவ்வளவு, நாம இவ்வளவுன்னு பத்திரிகையில போடறான்," என்றார். "எதை எதோட ஒப்பிடறோம்? ஒருத்தன் இல்லத்துல நர்ஸ் சம்பளத்தை மட்டும் எழுதறான். இன்னொருத்தன் சூப்பு, துணி சோப்பு, ஜன்னல் திரை எல்லாத்தையும் சேத்து எழுதறான். ரெண்டாவது ஆளுக்குக் கிழவங்க மேல பாசம் ஜாஸ்தின்னு பேர் வந்துடுது. எங்கேயாவது ஒரு கோடு போட்டாகணும்."

கோடு எங்கே என்பதில்தான், அந்த நாடுகளின் ஆட்கள் கூடும் பாரிசில் பதினொரு வருடம் சண்டை நடந்திருக்கிறது. ஒரு மனிதனைக் குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் ஊட்டுவதும் மருத்துவம். அவனுக்குச் சமைத்துப் போடுவதும் துவைத்துப் போடுவதும் மருத்துவம் இல்லை, வெறும் உபகாரம் என்பது அம்ப்ரோசின் கட்சி. எதிர்க்கட்சி நெதர்லாந்துக்காரி, வில்லமைன் என்று பெயர்.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

"சமைக்கத் தெரியாத கிழவனும் சாவான், கொஞ்சம் மெதுவா சாவான், அவ்வளவுதான்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செத்தா அது வேற அட்டவணைன்னேன்."

கடைசியில் அவர்தான் ஜெயித்தார். மறு வருடம் நெதர்லாந்து சற்றுக் கீழே இறங்கியது. எங்கள் நாடும் இரண்டு இடம் இறங்கியது. அன்றைக்கு அம்ப்ரோஸ் அலுவலகத்துக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். கேக் சொலாஞ்ச் செய்தது.

படிவம் முழுசாக நிரம்பவேண்டும் என்பது விதி என்று சொல்லி இரண்டாவது பாதியையும் கேட்டேன். விதி என்றதும் ஒத்துழைத்தார்.

"சமைப்பீங்களா?"

"இல்லை."

"முட்டை அவிப்பீங்களா?"

"அது சமையல்ல சேருமா?"

"சேரும்."

"அப்ப இல்லை."

"எட்டு மாசமா என்ன சாப்பிடறீங்க?"

"டப்பாவுல வர்ற பட்டாணி சூப்பு. திறந்தா தயாராத்தான் இருக்கு."

"சூடு பண்ணி?"

"டப்பா மேல அப்படித்தான் போட்டிருக்கான்," என்றார், அது தனக்குச் சொன்னதல்ல என்பதுபோல.

துணி துவைப்பது எப்படி என்றேன். படுக்கையறைக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்தார். குண்டூசி எடுக்காத புதுச் சட்டைகள் பத்தொன்பது இருந்தன. அழுக்குச் சட்டைகளைப் பெரிய பைகளில் கட்டி, ஒவ்வொரு பையிலும் மாதத்தின் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்.

முதல் பாதியில் அவர் என்னைவிட ஆரோக்கியம். இரண்டாவது பாதியில் ஐந்து வயசுக் குழந்தை அவரைவிடத் தேவலை. இல்லத்தில் இடம் கொடுப்பது முதல் பாதியை வைத்து. விண்ணப்பம் தள்ளுபடி.

*

அதைச் சொலாஞ்சிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. மறுநாள் போனபோது அம்ப்ரோசும் அங்கேதான் இருந்தார். தினமும் காலை பத்து மணிக்குள் பஸ்ஸில் வந்து மாலை ஐந்து மணிக்குப் போவார். அந்த ஏழு மணி நேரமும் அவருடைய நாற்காலி சக்கர நாற்காலியை ஒட்டியே இருக்கும். அறையில் இன்னொரு பெண்மணியும் உண்டு. நடுவில் ஒரு துணித்திரை.

"கிடைக்கலையா?" என்றார் சொலாஞ்ச். "எனக்குத் தெரியும். இந்த மனுஷன் குளிக்கறதுல உலக சாம்பியன். உலகத்துல இருக்கற நாட்டையெல்லாம் வரிசையா நிக்க வெச்சாரு, வீட்டுல ஒரு வாணலியை அடுப்பு மேல நிக்க வெக்கத் தெரியாது."

"அது தேவைப்படலை, சொலாஞ்ச். நீ இருந்தே."

"இருந்தேன் மகராசா, இருந்தேன். நீ பாரிஸ் போயி சமையல் ஒரு வேலையே இல்லைன்னு ஜெயிச்சிட்டு வந்த அன்னிக்கு உனக்கு வாத்து வறுத்துப் போட்டேன்."

"வேலை இல்லைன்னு சொல்லலை. மருத்துவம் இல்லைன்னேன்."

"பாத்தியா பொண்ணு? நாப்பத்து நாலு வருஷம் இதோடதான்." ஆனால் அப்போது அவருடைய நல்ல கை அம்ப்ரோசின் கோட்டு நுனியைப் பிடித்திருந்தது. ஐந்து மணி ஆனபோதும் விடவில்லை. ஐந்தே காலுக்கு நர்ஸ் வந்து விடுவித்தாள்.

மேல்முறையீடு செய்யலாம், நிலைமை மாறினால் திரும்ப மதிப்பிடுவோம் என்று அம்ப்ரோசிடம் சொன்னேன். எல்லோரிடமும் சொல்வதுதான். அவர் அதை எழுதிக்கொண்டார். அத்துடன் எங்கள் படிவத்துக்கு விளக்கக் கையேடு உண்டா என்று கேட்டார். உண்டு, இருநூற்று எண்பது பக்கம், இணையத்திலேயே இருக்கிறது. பதினேழு வருடத்தில் அதைக் கேட்ட முதல் மனிதர் அவர்.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. "வியாழக்கிழமை காலை சரியாப் பத்து மணிக்கு வாங்க. நிலைமை மாறியிருக்கும்."

"மாறியிருக்குமா, மாறிடுச்சா?"

"பத்து மணிக்கு மாறியிருக்கும்."

வியாழக்கிழமை போனபோது வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. கூடத்தில் ஒரு அணில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அது அவசரப்படவில்லை. நாள்கணக்காக அங்கே இருப்பதுபோல இருந்தது.

அம்ப்ரோஸ் படுக்கையில் கிடந்தார். முகத்தில் மூன்று நாள் தாடி. பைஜாமா. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, நீளமான உறிஞ்சுகுழல். நெஞ்சின் மேல் அச்சிட்டு எடுத்த கையேடு.

"சார்! என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகலை. நூத்திப் பதினாலாம் பக்கம்." குரல் சன்னமாக இருந்தது. "கடைசி மூணு நாள்ல ஒரு காரியம் நடக்கவே இல்லைன்னா, 'நடக்கவில்லை'ன்னு குறிக்கணும். 'நடக்கவில்லை'யை மதிப்பெண் போடும்போது முழுசா பிறர் உதவி வேணும்கற கணக்குல சேக்கணும். நீங்களே படிச்சுப் பாருங்க."

படித்தேன். உண்மைதான். மூன்று நாள் குளிக்காத ஆள் குளிக்க முடியாத ஆளாகத்தான் இருப்பார் என்ற நம்பிக்கையில் யாரோ எழுதியது. எழுதியவருக்கு அம்ப்ரோசைத் தெரியாது.

"மூணு நாளா நான் குளிக்கலை. உடை மாத்தலை. சாப்பிடலை. படுக்கையை விட்டு அனாவசியமா எழுந்திருக்கலை. கதவைத் திறக்க எழுந்தா நடந்ததாயிடும்னு திங்கக்கிழமையே திறந்து வெச்சுட்டேன். இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை."

"கழிவறை?"

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதை நிறுத்த முடியலை. முயற்சி பண்ணினேன். நாலு தடவைன்னு போடுங்க."

"தண்ணி குடிச்சிருக்கீங்களே?"

"அதைத்தான் கழிவறை போற வழியில வில்லமைன்கிட்டப் போன் பண்ணிக் கேட்டேன். உறிஞ்சுகுழல்ல குடிச்சா சாப்பிட்டதாகுமான்னு. ஆகும்னுட்டா. அப்புறம் நேரா கட்டிலை விட்டு எழுந்து போயி ஏதாவது தின்னுன்னு திட்டினா. சாப்பாட்டுக் கட்டம் எனக்கு நஷ்டம். மத்ததெல்லாம் நிக்கும்."

எழுந்து உட்கார முயன்றார். தலை சுற்றிச் சுவரைப் பிடித்தார். நான் சமையலறைக்குப் போனேன். சட்டியைத் தேடி எடுத்து இரண்டு முட்டை அவித்தேன். அது என் வேலை இல்லை. எந்தக் கட்டத்திலும் அதற்கு இடமும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தேன். உப்புப் போடாமலே இரண்டையும் சாப்பிட்டார்.

"சார், இதை நான் அனுப்ப முடியாது. நான் கண்ணால பாத்ததைத்தான் எழுதணும். பாத்தது என்னன்னா, கையேடு படிச்சிட்டுப் பட்டினி கிடந்த ஒரு நல்ல திடகாத்திரமான ஆம்பிளை."

"கட்டம் அப்படிச் சொல்லலை."

"கட்டத்துக்குக் கண் இல்லை."

அவர் முட்டை ஓட்டைத் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். "மூணு நாளா அவளைப் போயிப் பாக்கலை," என்றார் கடைசியில். "பஸ் ஏறினா நடந்ததாயிடும். கல்யாணத்துக்கப்புறம் பாரிஸ் போனப்பதான் இப்படிப் பாக்காம இருந்தது. அப்பவும் தினம் பேசுவேன்."

"போன் பண்ணியிருக்கலாமே?"

"போன் பண்றது இரண்டாவது பாதியில வருது. அந்த ஒண்ணுல மட்டும் ஏற்கனவே நான் தேறினதா போட்டிருக்கீங்க. எதையும் கலைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

"வில்லமைனுக்கு மட்டும் பண்ணினீங்களே?"

"அது ஆபீஸ் விஷயம்," என்றார்.

*

சொலாஞ்ச் மூன்று நாளும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பஸ் நிறுத்தத்தையே பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. ஒலிக்கும் போனை எடுக்கக் கட்டிலை விட்டு எழுந்தால் கணக்குக் கெட்டுவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் காலை, கணவர் செத்துப்போயிருந்தால் தன்னிடம் முதலில் வந்து சொல்வது நர்ஸா பாதிரியாரா என்று கேட்டிருக்கிறார்.

நான் நடந்ததைச் சொன்னேன். கதவு, அணில், நூற்றுப் பதினாலாம் பக்கம் எல்லாவற்றையும். முதலில் முகம் கல்லாக இருந்தது. உறிஞ்சுகுழல் வந்த இடத்தில் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பக்கவாட்டிலிருந்து தெரியவில்லை. இரண்டும்தான்.

"முட்டாள்," என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வடிகட்டின முட்டாள். பொண்ணு, ஒண்ணு கேக்கறேன். அவர் இங்கே வர்றதுக்குத்தான் படிவமா? நான் அங்கே போறதுக்குப் படிவம் இல்லையா?"

இருக்கிறது. ஆறு பக்கம். எட்டு மாதத்தில் அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. உள்ளே வருகிறவர்களின் வரிசை அவ்வளவு நீளம்; யாரும் வெளியே போக வரிசையில் நிற்பதில்லை.

"இருக்கு. வீட்டுக்கு ஆள் அனுப்பலாம். தினம் ரெண்டு மணி நேரம், வாரம் பதினாலு. உங்களைக் குளிப்பாட்டுவாங்க, உடுத்தி விடுவாங்க, கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாத்துவாங்க."

"சமைக்க?"

"மாட்டாங்க."

"துணி?"

"அதுவும் இல்லை. எங்க திட்டத்துல உடம்பைத் தொடற வேலை மட்டும்தான். மத்ததை வீட்டுல இருக்கறவர் பண்ணணும். அவரால முடியும்னு நான் எழுதிக் கொடுக்கணும்."

சொலாஞ்ச் ஜன்னலைப் பார்த்தார். "அந்தக் கோடு எங்கேயோ கேட்ட கோடு மாதிரி இருக்கே," என்றார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டியிருந்தது. "இங்கேயிருந்து போனா இந்தப் படுக்கை போயிடும். அன்னிக்கே வேற ஆள் வந்துடுவாங்க. வீட்டுல சரிப்படலைன்னா மறுபடி வரிசைல கடைசி. ரெண்டு வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் ஆஸ்பத்திரி நடைபாதைல கட்டில் போட்டுப் படுக்கணும். நான் பயமுறுத்தலை, பாத்திருக்கேன்."

"அப்ப ஒரு ஆளு சமையலை நம்பி நான் இந்தக் கட்டிலை விடணும். எந்த ஆளு? முட்டை அவிக்கறது சமையல்ல சேருமான்னு கேட்ட ஆளு."

"ஆமா."

"எத்தனை நாள் தருவே?"

"மூணு வாரம்."

"அவரை வரச் சொல்லு. குளிச்சிட்டு வரச் சொல்லு."

*

அந்த மூன்று வாரம் இல்லத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். காலையில் அம்ப்ரோஸ் நோட்டுப் புத்தகத்துடன் வந்து உட்காருவார். சொலாஞ்ச் சொல்லச் சொல்ல எழுதுவார். மாலை வீட்டுக்குப் போய்ச் செய்து பார்ப்பார். மறுநாள் டப்பாவில் கொண்டுவருவார். சொலாஞ்ச் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார்.

"வெங்காயம் பொன்னிறமா வரணும்," என்பார் சொலாஞ்ச்.

"எந்தப் பொன்?"

"என்னது?"

"பொன்னுல பல நிறம் இருக்கு. மோதிரத்துப் பொன்னா, ஃபிரேமுக்குப் பூசற பொன்னா?"

"உன் கல்யாண மோதிரத்தைக் கழட்டி வாணலி பக்கத்துல வெச்சு ஒத்துப் பாரு, போ. உப்பு கையளவு தூவு."

"யார் கை?"

"உன் கை, கிழவா!"

"என் கை அளவுக்கு ஆதாரம் இல்லை, சொலாஞ்ச். இதுவரைக்கும் அது உப்பே தூவினதில்லை."

திரைக்கு அந்தப் பக்கத்துப் பெண்மணி ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகப் பேசினாள். "ஒரு சின்னக் கரண்டின்னு சொல்லித் தொலைங்களேன்," என்றாள்.

ஒரு சின்னக் கரண்டி என்று எழுதிக்கொண்டார்.

துவைப்பது இரண்டாவது வாரம். மாதம் எழுதி ஒட்டிய பைகளை ஆகஸ்டிலிருந்து வரிசைப்படி துவைத்தார். அக்டோபரில் ஒரு சிவப்புக் காலுறை இருந்தது. அதற்குப் பிறகு அவர் போட்டுக்கொண்டு வந்த சட்டைகளெல்லாம் இளஞ்சிவப்பு. டை மட்டும் பழையபடி சரியாக இருந்தது. சொலாஞ்ச் அந்தச் சட்டையைத் தடவிப் பார்த்து, "அழுக்கு போயிருக்கு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்ப்ரோஸ் அன்று முழுக்க நேராக உட்கார்ந்திருந்தார்.

மே மாதக் கடைசி சனிக்கிழமை பரீட்சை. ஒரு நாள் அனுமதியில், சக்கர நாற்காலி ஏறும் வண்டியில் சொலாஞ்ச் வீட்டுக்கு வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி வீட்டைப் பார்த்தார். "ஜன்னல் துடைச்சிருக்கான்," என்றார் யாரிடமும் என்றில்லாமல்.

சமைக்க வேண்டியது என்ன என்று சொலாஞ்ச்தான் முடிவு செய்திருந்தார். அவருடைய பிறந்த வீட்டுப் பதார்த்தம். எங்கள் பக்கத்துப் பிரெஞ்சு வீடுகளில் வாரம் ஒரு தரம் செய்வது. கீழே கொத்துக்கறி, நடுவில் சோளம், மேலே மசித்த உருளைக்கிழங்கு. தட்டோடு ஓவனில் வைத்து எடுக்கவேண்டும். மூன்று அடுக்கு. பாகுபடுத்துவதையே தொழிலாகச் செய்த ஆளுக்கு இது எளிது என்று நினைத்தாராம்.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தார். நான் மேசையில் படிவத்தோடு உட்கார்ந்தேன். சொலாஞ்ச் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்; உதவி செய்யக் கூடாது, பேசலாம் என்பது ஒப்பந்தம். அம்ப்ரோஸ் உருளைக்கிழங்கை நிறுத்துத் தோலுரித்தார், மறுபடி நிறுத்தார். வெங்காயம் வெட்டும்போது கண்ணீர் விட்டார், துடைத்துக்கொள்ளவில்லை, கை கழுவ நேரமாகும் என்று. மோதிரத்தை உண்மையாகவே கழற்றி வாணலி பக்கத்தில் வைத்தார்.

"அடுப்பைக் குறை," என்றார் சொலாஞ்ச்.

"நோட்டுல நடுத்தரம்னு இருக்கு."

"புகை வருதுடா. நோட்டுக்கு மூக்கு இருக்கா?"

குறைத்தார்.

மூன்றே காலுக்குத் தட்டு மேசைக்கு வந்தது. மேலே உருளை பொன்னிறம். எந்தப் பொன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஓரங்களில் கொதித்துக் குமிழி விட்டது. அவர் அதைக் கரண்டியால் வெட்டி, நடுவிலிருந்து ஒரு சதுரம் எடுத்து, மூன்று அடுக்கும் கலையாமல் சொலாஞ்சின் தட்டில் வைத்தார். அப்படி வைக்க எத்தனை தடவை பழகியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

சொலாஞ்ச் நல்ல கையால் முள்கரண்டியை எடுத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"அம்ப்ரோஸ்," என்றார். "உள்ளே ஜில்லுன்னு இருக்கு."

நானும் நடுவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தேன். சோளம் பனிக்கட்டியாக இருந்தது. உறைபெட்டியிலிருந்து எடுத்து அப்படியே நடுவில் பரப்பியிருக்கிறார்.

அவர் நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தை எனக்கும் காட்டினார். "சோளம், இரண்டு டப்பா" என்று இருந்தது. கடையில் டப்பா தீர்ந்துவிட்டது, அதனால் அதே எடைக்கு உறைந்த சோளம் வாங்கினேன், எடை சரியாக இருந்தது, என்றார். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. நோட்டை மூடி மேசை மேல் வைத்தார். "ரோவினா, முடியலைன்னு குறிங்க. சாப்பாடு வேகலை. நடுவுல கிளறிப் பாக்கணும்னு எனக்குத் தோணவேயில்லை. இவளை இதை நம்பி வரச் சொல்ல முடியாது."

"இருங்க சார்," என்றேன்.

"இல்லை. நீங்க கண்ணால பாத்ததை எழுதணும். அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க."

படிவத்தில் மூன்று கட்டம். தானே செய்வார். மேற்பார்வையோடு செய்வார். செய்ய முடியாது. பேனாவை எடுத்தேன். எதன் மேல் வைப்பது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தவறாகக் குறித்தால் இந்த அம்மாள் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி நடைபாதையில் படுப்பார். அது எனக்குத் தெரியும், அம்ப்ரோசுக்குத் தெரியும், சொலாஞ்சுக்கும் தெரியும்.

சொலாஞ்ச் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். "நடுவுல இருக்கற கட்டம் என்ன சொல்லுது, பொண்ணு?"

"மேற்பார்வையோடு செய்வார்னு."

"மேற்பார்வை யாரு பண்ணணும்னு இருக்கா?"

அம்ப்ரோஸ் நிமிர்ந்தார். "இருநூத்து மூணாம் பக்கம்," என்றார் மெதுவாக. "வயது வந்தவர், புத்தி தெளிவா இருக்கறவர், அதே வீட்டுல இருக்கறவர்." கொஞ்சம் யோசித்தார். "நோயாளியா இருக்கக் கூடாதுன்னு இல்லை. ஆனா சொலாஞ்ச், இன்னிக்கு நீ வாசல்ல உக்காந்துதான் இருந்தே. அப்படியும் சோளம் பச்சையா வந்துடுச்சு."

"நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"பாத்தியா? சோளம் போடறதையா?"

"ஐஸ் கட்டி கடகடன்னு விழுந்துச்சே, காது கேக்காதா எனக்கு?"

"அப்ப ஏன் சொல்லலை?"

"புகைக்கே வாயை விட்டுட்டேன். உதவி பண்ணக் கூடாதுன்னு நீதானே ஒப்பந்தம் எழுதினே. என்னைக் கையெழுத்து வேற போட வெச்சே." முள்கரண்டியைக் கீழே வைத்தார். "வீட்டுக்கு வந்தா அந்த ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டுடுவேன். ஒவ்வொரு வேளையும் கத்துவேன். உனக்குக் காது போயிடும். தாங்குவியா?"

"ஒன்பது மாசமா வீட்டுல யாருமே கத்தலை," என்றார் அம்ப்ரோஸ்.

நான் நடுக்கட்டத்தில் குறியிட்டேன். பேனாவால்தான். இல்லத்துப் படுக்கையை விட்டுக்கொடுக்கும் தாளைச் சொலாஞ்ச் முன்னால் வைத்து, சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டேன். "திரும்ப அதே கட்டில் கிடைக்காது. புரிஞ்சுதான் போடறீங்களா, அம்மா?"

"புரிஞ்சுதான். நகத்து, தட்டு இடிக்குது."

அம்ப்ரோஸ் தட்டை நகர்த்தி, தாள் நழுவாமல் ஒரு ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துப் பெரிதாக, மேட்டில் ஏறுவதுபோல விழுந்தது.

"அந்தக் கட்டிலுக்கு இன்னிக்கே ஆள் வந்துடும்," என்றார் அவர், மை காயக் காத்துக்கொண்டு. "நாட்டோட கணக்குல ஒரு சல்லிகூடக் குறையாது."

"குறையாட்டிப் போகுது," என்றார் சொலாஞ்ச். தட்டைத் தன் பக்கம் இழுத்து அவரிடமே திருப்பி நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு. ஓரத்துல இருந்து எடு. ஓரம் நல்லா சூடா இருக்கு."